படிக்காமல் நகல் எடுக்கும் கடை

பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தைச் சுற்றி ஜெராக்ஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. நான் பதினோரு வருடமாக ஒரே கடைக்குத்தான் கட்டுகளை அனுப்புகிறேன். பலகையில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. யாரும் அதைச் சொல்வதில்லை. 'அண்ணாச்சி கடை' என்பார்கள். அந்தப் பெயரில் இந்த ஊரில் தெருவுக்கு மூன்று கடை உண்டு, ஆகவே அடையாளம் சொல்லிவிட்டேன் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

அரசுத் தரப்பில் குற்ற வழக்குகளை நடத்தும் அலுவலகம் ஒன்றில் நான் கண்காணிப்பாளர். நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசுவது அரசு வழக்கறிஞர்கள். அவர்கள் கை நீட்டும்போது கட்டில் அந்தத் தாள் இருக்க வேண்டும் என்பது என் பாடு. ஒரு கொலை வழக்கு என்றால் முதல் தகவல் அறிக்கை, சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜர், அந்த இடத்தின் மாதிரி வரைபடம், பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, சாட்சிகளின் வாக்குமூலங்கள் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில், ஒவ்வொரு கனத்தில் வரும். சில தாள்கள் சிகரெட் அட்டையின் உள்தாள் மாதிரி மெலிந்திருக்கும். மேலிருக்கும் தட்டில் மொத்தமாக வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போகிற கடைக்காரருக்கு இந்த வேலை ஆகாது.

அண்ணாச்சி முதலில் எண்ணுவார். ஈரப் பஞ்சில் கட்டைவிரலை ஒற்றி, ஐந்தைந்தாகத் தள்ளி, கடைசித் தாளின் பின்பக்கம் பென்சிலில் எண்ணை எழுதிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டிய பிறகுதான் கட்டைப் பிரிப்பார். நகல் எடுத்து முடித்ததும் மூலத்தையும் நகலையும் தனித்தனியாக மறுபடி எண்ணுவார். ஒரு முறை 187 என்று எழுதிய கட்டின் நகல் 186 வந்தது. மூலத்தில் 93ஆம் தாளோடு 94 ஒட்டிக்கொண்டிருந்தது; சோற்றுப்பசை. ஒரு சாட்சியின் வாக்குமூலத்தில் இரண்டாம் பக்கம் அது. அப்படியே போயிருந்தால், குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் எழுந்து "எங்களுக்குக் கொடுத்த நகலில் இந்தப் பக்கம் இல்லை" என்பார், ஒரு வாய்தா போகும், வள்ளியூரிலிருந்து கூலியை விட்டு வந்த சாட்சி திரும்பிப் போவார்.

தைப்பதும் அவரே. கோணி ஊசி, மெழுகு தேய்த்த நூல், மூன்று துளை. இதில் எனக்கு ஒரு குறை உண்டு. இடது ஓரத்தை இறுக்கித் தைப்பார்; ஓரத்தில் வைத்த முத்திரையும் குற்ற எண்ணும் தையலுக்குள் புதைந்துவிடும். பல முறை சொல்லியாயிற்று. "தளர்த்தினால் கட்டு நிற்காது மேடம்" என்பார். இப்போது நகல் எடுக்கும்போதே எழுத்தை ஒரு விரற்கடை வலப்புறம் தள்ளச் சொல்லிவிடுகிறேன். பென்சிலில் போட்ட வரைபடங்களும் அவருடைய இயந்திரத்துக்குச் சரியாகப் பிடிபடாது. கருமையைக் கூட்டினால் கிணறும் தெரியும், தாளின் அழுக்கும் தெரியும்.

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது எங்களைவிட வேகமாக அவர் ஏற்பாடு செய்துகொண்டார். அன்றைக்கு முன் நடந்த குற்றம் பழைய தண்டனைச் சட்டத்தில், பின் நடந்தது பாரதிய நியாய சன்ஹிதாவில். கொலைக்கு 302 என்று இருபத்தைந்து வருடம் சொன்ன வாய்க்கு 103 என்று வர மறுக்கிறது. அண்ணாச்சி பழையதற்குக் காவி அட்டை, புதியதற்கு நீல அட்டை என்று வாங்கி அடுக்கிவிட்டார். அலமாரியைத் திறந்தால் தூரத்திலிருந்தே தெரிகிறது. அரசாணை எதுவும் இல்லாமல் நடந்த சீர்திருத்தம்.

ஆனால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழை அவரிடம் நான் கொடுப்பதில்லை. மின்னணு ஆவணத்தின் ஹேஷ் மதிப்பு, அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை, அதில் இருக்கும். வழக்கமாக வருகிற வகையில் 64 குறிகள். நகலின் நகலில் 8 எது, பி எது என்று கண்ணை இடுக்க வேண்டியிருக்கிறது. அதை மூலக் கோப்பிலிருந்தே அலுவலகத்தில் அச்சிட்டுக்கொள்கிறோம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குக் கட்டுகளும், பாலியல் வன்முறை வழக்குகளும் எந்தக் கடைக்கும் போகாது. பாதிக்கப்பட்டவர் யார் என்று வெளியே தெரியக் கூடாது என்பது சட்டம். அலுவலகத்துப் பழைய இயந்திரம் வரி வரியாகக் கோடு போட்டுத் துப்பினாலும் நானே பக்கத்தில் நின்று எடுக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதில் அசட்டையாக இருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஒரு முறை அவரிடமும் கோபித்தேன். எழுத்தர் ஒருவர் வாட்ஸப்பில் அனுப்பிய ஒப்புதல் வாக்குமூலம் மறுநாளும் கடைக் கணினியின் திரையில் கிடந்தது. அடுத்து நின்றவர் ரேஷன் அட்டை நகலுக்கு வந்தவர்; கழுத்தை நீட்டிப் படித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி பதில் பேசவில்லை. அன்றிலிருந்து கோப்பை அழித்து, குப்பைக் கூடையையும் காலி செய்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்குகிறார்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஒரு காவல் நிலையத்து எழுத்தர் நனைந்த கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அண்ணாச்சி ஒவ்வொரு தாளுக்கும் இடையே வெள்ளைத் தாள் செருகி, இரண்டு நாள் மின்விசிறிக்குக் கீழே வைத்தார். பேனா மையில் எழுதிய மகஜர் நீலத் தண்ணீராகிவிட்டிருந்தது. ஜெராக்ஸ் பக்கங்கள் சுருங்கியிருந்தாலும் எழுத்து அசையவில்லை. அதன்பின் மை கரைகிற பேனாவில் யார் மகஜர் எழுதிக்கொண்டு வந்தாலும் திட்டுகிறேன்.

ஒருவரைக் காவலில் வைத்த அறுபதாம் நாள், தொண்ணூறாம் நாள் மாலைகளில் இந்தக் கடையின் அருமை புரியும். கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், உள்ளே இருப்பவர் ஜாமீன் கேட்டால் கொடுத்தாக வேண்டும். அம்பாசமுத்திரம் பஸ்ஸிலிருந்து மூச்சிரைக்க இறங்கும் எழுத்தரைப் பார்த்ததும், வரிசையில் நிற்கும் மற்றவர்களை "கொஞ்சம் பொறுங்கள்" என்று ஒதுக்கிவிடுவார். மற்றவர்கள் முனகுவார்கள். முனகட்டும்.

கட்டுகளை அவர் படிப்பதில்லை. பக்க எண்ணிக்கையால்தான் நினைவு வைத்திருக்கிறார். போன மாதம் கேட்டார்: "அந்த 187 என்ன ஆயிற்று மேடம்?" வாய்தா என்றேன்.

ஒரு பக்கத்துக்கு ஒரு ரூபாய், தையலுக்குத் தனி. மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை சாத்தியிருக்கும். ரசீதை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். மறுநாள் போய்க் கேட்டால் தேதி போட்டுத் தர மாட்டார், தணிக்கையில் நீங்கள்தான் விழிக்க வேண்டும்.