‘பதினோரு தடவை செய்து பார்த்தது’ என்றார்கள், நம்பினேன்: அரை மாத மளிகைப் பணம் போனது

நேற்று ராத்திரி அந்தச் சமையல் செயலிக்காரர்களிடமிருந்து கடைசிப் பதில் வந்தது. பணம் திரும்பக் கிடையாதாம். எங்கள் வீட்டுக்கு அது அரை மாத மளிகைப் பணம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘போனால் போகட்டும்’ என்று நானே விட்டுவிடுவேன், அவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

காசு கட்டிச் சேருகிற சமையல் செயலி அது. பெயர் சொல்லப் போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் அதை மட்டும் ஒதுக்கிவிட்டு அதே மாதிரி இன்னொன்றில் போய் விழுவோம். என்ன நடந்தது என்று சொல்கிறேன், எப்படித் தப்பிப்பது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் சமையல் என் பொறுப்பு. மனைவிக்கு நேரம் மாறி மாறி வரும் வேலை, அம்மாவுக்கு முழங்கால் வலி, அடுப்படியில் நிற்க முடியாது. மூன்று வருடமாக இணையத்தில் பார்த்துப் பார்த்துத்தான் செய்கிறேன். இலவசமாகக் கிடைப்பதில் பாதி நன்றாக வரும், பாதி குப்பைக்குப் போகும். அந்தப் பாதி வீணாவது எனக்கு எப்போதும் மனதை அறுக்கும். அதனால்தான் ‘சோதித்துப் பார்த்த செய்முறைகள்’ என்ற வார்த்தை என்னை அப்படி இழுத்தது.

மகளுக்குப் பத்து வயது முடிகிற நேரம். ‘இந்தத் தடவை கடையில் கேக் வாங்க வேண்டாம், அப்பாதான் செய்யணும்’ என்று சொல்லியிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளும் நானும் கேக் தேடிக்கொண்டிருந்தபோது அந்த விளம்பரம் வந்தது. சாதாரண சமையலறை, தோளில் துண்டு போட்ட ஒரு வயதான அம்மா. கேக்கைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துக் காட்டினார். உள்ளே பஞ்சு மாதிரி இருந்தது. அப்புறம் கேமராவைப் பார்த்துச் சொன்னார்: ‘இதை என் வீட்டில் பதினோரு தடவை செய்தேன். பத்துத் தடவை கெட்டுப்போனது. பதினோராவது தடவை வந்ததைத்தான் உங்களுக்குத் தருகிறேன்.’

நான் விழுந்தது அந்த இடத்தில்தான். மற்ற எல்லோரும் ‘சுலபம், பத்தே நிமிடம்’ என்று கத்தும்போது, பத்துத் தடவை கெட்டுப்போனது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் எப்படி நம்பாமல் இருப்பது? சமையலில் கை சுட்டவர்களுக்குத்தானே அந்த வார்த்தையின் மதிப்பு தெரியும். இப்போது நினைத்தால் அந்த அம்மாவுக்கே அந்தச் செய்முறையைக் காட்டியிருப்பார்களா என்று சந்தேகமாக இருக்கிறது.

‘7 நாள் இலவசம். இப்போது எதுவும் எடுக்க மாட்டோம், கார்டு விவரம் மட்டும் போதும்.’ மாதத்துக்கு எவ்வளவு என்பது பெரிய எழுத்தில் இருந்தது. அது மாதாமாதம் வராது, பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில் எடுப்பார்கள் என்பது கீழே வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் கொஞ்சம் தயங்கினேன். மகள் திரையில் அந்தக் கேக்கைத் தொட்டு, ‘இதுதான்ப்பா’ என்றாள். கார்டு எண்ணைப் போட்டுவிட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் சேர்ந்தவனுக்கு ஏழு நாள் என்றால் அடுத்த ஞாயிறு சாயங்காலம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர்கள் கணக்கில் சேர்ந்த நாளே முதல் நாள். ஏழாவது நாளான சனிக்கிழமை விடிகாலையிலேயே பணத்தை எடுத்துவிட்டார்கள். வங்கியிலிருந்து செய்தி வந்தபோது நான் வெண்ணெயைக் குழைத்துக்கொண்டிருந்தேன். அரை மாத மளிகைப் பணம் ஒரே மூச்சில் போயிருந்தது. அப்போதும் என்ன நினைத்தேன் தெரியுமா? சரி, கேக் நன்றாக வந்தால் வருடம் முழுக்க உதவுமே என்று நினைத்தேன்.

அந்தச் செய்முறையை அப்படியே சொல்கிறேன். மைதா 2 கப். சர்க்கரை 200 கிராம். வெண்ணெய் 120 கிராம். முட்டை 3. பால் 1 கப். சமையல் சோடா 1 மேசைக்கரண்டி. ஓவன் சூடு 350. ஒரு வரியில் கப், அடுத்த வரியில் கிராம். சூடு 350 என்றால் எதில் 350? எங்கள் ஓவனின் திருகு 250 செல்சியஸோடு முடிந்துவிடும். ஃபாரன்ஹீட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே கணக்குப் போட்டு 180 செல்சியஸில் வைத்தேன். மூன்றாவது படியில் மூன்று முட்டையையும் உடைத்து ஊற்றச் சொன்னார்கள். ஆறாவது படியில் ‘முன்பே பிரித்து எடுத்து வைத்த வெண்கருவை மெதுவாகச் சேர்க்கவும்’ என்று இருந்தது. எங்கே பிரித்தோம்? மேலும் கீழும் மூன்று தடவை படித்தேன். பிரிக்கச் சொல்லும் வரியே இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பதினோரு தடவை செய்தவர்கள் சொல்கிறார்களே, நமக்குத்தான் புரியவில்லை போல என்று நினைத்துவிட்டேன்.

இருபது நிமிடத்தில் கேக் விறுவிறுவென்று ஏறியது. மகள் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து கைதட்டினாள். அப்புறம் தகரத்தின் விளிம்பைத் தாண்டி வழிந்து கீழே சூடான கம்பியில் விழுந்து புகை வந்தது. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் நடுப்பகுதி கிணறு மாதிரி உள்ளே இறங்கிவிட்டது. வெள்ளையாக இருக்க வேண்டிய கேக் அடர்ந்த பழுப்பு. வாயில் வைத்தால் சோப்பைக் கடித்த மாதிரி, நாக்கின் அடியில் ஒரு கசப்பு. மகள் ஒரு துண்டை எடுத்துத் தின்றுவிட்டு ‘நல்லா இருக்குப்பா’ என்று சொல்லி, உடனே ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்தாள். பணம் போனதைவிட அதுதான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ஒரு கப் மைதாவுக்குச் சமையல் சோடா சுமார் கால் தேக்கரண்டி போதும். இரண்டு கப்புக்கு அரை தேக்கரண்டி. ஒரு மேசைக்கரண்டி என்பது மூன்று தேக்கரண்டி, அதாவது வேண்டியதைப் போல ஆறு மடங்கு. அதோடு, சோடா வேலை செய்யத் தயிர், மோர், எலுமிச்சை மாதிரி புளிப்பு ஏதாவது வேண்டும். இந்தச் செய்முறையில் புளிப்பே கிடையாது. புளிப்பு கிடைக்காத சோடா சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறிவிடும். அந்தச் சோப்பு ருசி அதனால்தான், அந்தப் பழுப்பு நிறமும் அதனால்தான். புளிப்பையும் சேர்த்தே வைத்திருக்கும் பேக்கிங் பவுடரை எழுத வேண்டிய இடத்தில் சோடாவை எழுதியிருக்கலாம். யாராவது ஒரே ஒரு தடவை செய்து வாயில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். பதினோரு தடவையாம்.

அப்புறம் மற்ற செய்முறைகளையும் திறந்து பார்த்தேன். வெங்காயத்தை மெல்லிய தீயில் 5 நிமிடம் வதக்கினால் தேன் நிறத்துக்கு வந்துவிடும் என்று ஒன்றில் இருக்கிறது. அந்த நிறத்துக்கும் இனிப்புக்கும் முக்கால் மணி நேரம் அடுப்படியில் நிற்க வேண்டும் என்பது ஒரு தடவை வதக்கியவருக்குக்கூடத் தெரியும். ஒரு செய்முறையில் கப் என்றால் 240 மில்லி, இன்னொன்றில் 250 மில்லி. ஒன்றில் மேசைக்கரண்டி 15 மில்லி, இன்னொன்றில் 20. ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டி 20 மில்லிதான், மற்ற நாடுகளில் பெரும்பாலும் 15. அங்கொன்றும் இங்கொன்றுமாக அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். ஒரே சமையலறையிலிருந்து வந்திருந்தால் கரண்டி எப்படி மாறும்?

இதோடு முடிந்திருந்தால் ஏமாந்தது என் பணம் என்று இருந்திருப்பேன்.

புதன்கிழமையே அதே செயலியைப் பார்த்து ஒரு பூண்டு எண்ணெய் செய்து வைத்திருந்தேன். பச்சைப் பூண்டை நசுக்கி எண்ணெயில் மூழ்க விட்டு, புட்டியை இறுக மூடி, ‘அறை வெப்பத்தில் ஒரு மாதம் வரை வைத்திருக்கலாம், நாளாக ஆக மணம் கூடும்’ என்று போட்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் வைத்தேன். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, இரண்டு நாள் ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வாழ்த்துச் சொல்ல அக்கா கூப்பிட்டாள். அவள் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். ‘டேய், எத்தனை நாளா வெளியில இருக்கு? முதல்ல அதைக் கொட்டு. கொட்டிட்டு வா, அப்புறம் பேசலாம்’ என்றாள். அவள் குரலைக் கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

மண்ணில் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்து பூண்டிலும் ஒட்டியிருக்கலாமாம். காற்றுப் படும் இடத்தில் அது வளராது. எண்ணெய் காற்றை அடைத்துவிடும், பூண்டில் புளிப்பும் கிடையாது, குளிரும் இல்லை. அது நஞ்சு உண்டாக்க வேறென்ன வேண்டும்? அந்த நஞ்சுக்கு மணமோ ருசியோ இருக்காது, மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 1985-ல் கனடாவின் வான்கூவரில், குளிரில் வைக்காத எண்ணெய்ப் பூண்டைச் சாப்பிட்டு 36 பேர் நோயில் விழுந்தார்கள். 1989-ல் அமெரிக்காவின் உணவு மருந்துத் துறை, கடையில் விற்கும் எண்ணெய்ப் பூண்டில் புளிப்பு சேர்த்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது. இத்தனை வருடமாகத் தெரிந்த விஷயம் இது.

அடுத்த சில நாள் அம்மாவின் கண்ணிமையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இமை தொங்குகிறதா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, விழுங்கச் சிரமமா என்று கவனிக்கச் சொல்லியிருந்தாள் அக்கா. ஏதாவது ஒன்று தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகணும் என்றாள். ‘ஏண்டா காலையில எழுந்ததும் என் மூஞ்சியவே பார்க்குற?’ என்று கேட்டார் அம்மா. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

இப்போது அவர்கள் என்னை அலைக்கழித்த கதை. முதலில் எழுதியதற்கு ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்’ என்று இயந்திரம் பதில் சொன்னது. இரண்டாம் நாள் ஒருவர் வந்தார், ‘உங்கள் ஓவனின் சூடு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், மற்ற பயனர்களுக்கு நன்றாக வந்திருக்கிறது’ என்றார். சோடாக் கணக்கை வரி வரியாக எழுதி அனுப்பினேன். ‘சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்று வந்தது. அதோடு அந்த உரையாடலை மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தால் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இப்படி நான்கு தடவை, நான்கு பேர்.

பூண்டு எண்ணெய் பற்றித் தனியாக எழுதினேன். பணம் இருக்கட்டும், இதை முதலில் எடுங்கள், யாராவது சாப்பிட்டுவிடப் போகிறார்கள் என்று கெஞ்சினேன். அதற்கு வந்த பதில்: ‘எங்கள் செய்முறைகள் பொதுத் தகவலுக்கு மட்டுமே. பயன்படுத்துவது பயனரின் பொறுப்பு.’ விற்கும்போது பதினோரு தடவை சோதித்தது, கேள்வி கேட்டால் பொதுத் தகவலா? இதைப் படித்தபோதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது.

கடைசியாகப் பணத்தைக் கேட்டேன். 7 நாளுக்குள் ரத்து செய்யாததால் திருப்பித் தர வழியில்லை, ஆனால் நல்லெண்ண அடிப்படையில் அடுத்த வருடச் சந்தாவில் பத்து சதவீதம் குறைப்போம் என்றார்கள். அரை மாத மளிகைப் பணத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த வருடமும் வா என்கிறார்கள்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசரத்துக்கு இவ்வளவு. இலவச நாள் என்று கார்டு எண் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சேர்ந்த அன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள். செயலியை நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடாது, அது தனி. செய்முறையை முழுதாகப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போங்கள். பட்டியலில் இல்லாத பொருள் நடுவில் வந்தால் அதை எழுதியவர் சமைக்கவில்லை என்று அர்த்தம். பூண்டை எண்ணெயில் போட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள், நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கார்டை முடக்கிவிட்டேன். வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், அவர்கள் தரப்பைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். அந்த அரை மாத மளிகைப் பணம் வருமா என்று பார்க்க வேண்டும்.

இதை எழுதி முடிக்கும் முன் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்தேன். பூண்டு எண்ணெய்ச் செய்முறை அப்படியே இருக்கிறது. ‘அறை வெப்பத்தில் ஒரு மாதம்’ என்ற வரியும் மாறவில்லை. இப்படிச் செய்து வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவு செய்து இப்போதே எழுந்து போய்க் கொட்டிவிடுங்கள்.