காசிமேட்டு மத்தியும் ஆலிவ் எண்ணெயும்: எங்கள் வீட்டு அனுபவம்

வீட்டுக்காரருக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு, ஆலிவ் எண்ணெய், மீன், பயறு, காய்கறி, கொட்டைகள் நிறையச் சேர்க்கும் மத்தியதரைக்கடல் உணவுமுறைக்கு மாறினோம். சில வருஷங்களாக விடாமல் தொடர்கிறோம். தண்டையார்பேட்டைக் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகுமா என்றால், ஆகும். ஆலிவ் எண்ணெயை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது.

இந்த உணவுமுறை மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுக்குமா என்று ஸ்பெயினில் பார்த்த பிரெடிமெட் ஆய்வில் ஒரு குடும்பத்துக்கு வாரம் ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் இலவசமாகவே கொடுத்தார்கள். நமக்கு யார் கொடுப்பார்கள்? சுண்டலுக்கும் வெள்ளரி, தக்காளிக்கும் ஆலிவ். தாளிக்கச் செக்குக் கடலை எண்ணெய், அதுவும் அளந்து. ஆலிவில் இருக்கும் ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு கடலை எண்ணெயிலும் நிறைய உண்டு. ஆனால் ஆய்வு நடந்தது ஆலிவை வைத்து. அந்தப் பலனை இதன் மேல் ஏற்றிச் சொல்ல மாட்டேன்.

மீன் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு நிறைந்த மத்தியும் கானாங்கத்தையும் காசிமேட்டு மீன் சந்தையில் வஞ்சிரத்தைவிட எவ்வளவோ மலிவு. விடியற்காலையில் போனால் செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கும்போதே வாங்கிவிடலாம். பொரிக்காமல் குழம்பு வைக்கிறேன். எங்கள் பக்கத்துக் குழம்பில் புளிதான், தேங்காய் சேர்ப்பதில்லை; இதயத்துக்கு அது நல்லதாகப் போயிற்று. கருவாடு மட்டும் நின்றுவிட்டது, உப்பு அவ்வளவு.

கஷ்டம் சோற்றில்தான். அதைக் குறைத்து அந்த இடத்தில் கொண்டைக்கடலை, காராமணி, கீரை என்று நிரப்ப அவருக்கு வெகுநாள் பிடித்தது. பிஸ்கட், மிக்சருக்குப் பதில் ஒரு பிடி வேர்க்கடலை. வால்நட் விலை இறங்கும்போது அதுவும் உண்டு.

ஏற்கெனவே இதய நோய் வந்தவருக்கும் பலன் உண்டா என்று கேட்கிறார்கள். ஸ்பெயினின் கோர்டோபா நகரில் 1,002 இதய நோயாளிகளை ஏழு வருஷம் கவனித்த ஆய்வு 2022-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கொழுப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களைவிட இந்த உணவுமுறையில் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைவாகவே வந்தன. எனக்குத் தெம்பு கொடுத்தது அதுதான்.

அவருக்கு ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு இறங்கியிருக்கிறது, இடுப்புச் சுற்றளவும்தான். ராத்திரி எல்லோரும் சேர்ந்து சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு நடக்கப் போவதும் இதில் சேர்த்தி. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையும் அப்படியே தொடர்கின்றன. சாப்பாடு மாறிவிட்டதே என்று அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.