காரைக்குடி பழைய சாமான் கடை: அப்பத்தாவோட தந்தச் சிமிழை வாங்க மாட்டேன்னு சொன்ன அண்ணனுக்கு அஞ்சு ஸ்டார்

போன மாசம் எங்க ஊர் வீட்டுச் சாமானைப் பிரிச்சோம். பள்ளத்தூர் பக்கம் வீடு, ஒம்பது புள்ளிக்கு, அதாவது ஒம்பது பங்காளிக் குடும்பத்துக்குப் பொது, யாருமே ஊர்ல இல்ல, ரெண்டாங்கட்டுல ஓடு இறங்கி மழைத்தண்ணி நிக்குது, எல்லாம் வீணாப் போறதுக்குள்ள ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் கடையில போட்டுடலாம்னு பங்காளிக எல்லாரும் போன்லயே பேசி முடிச்சாச்சு. அப்பச்சிக்கு அலைய முடியாததால நானும் தம்பியும் போனோம். அப்பத்தாவோட பெட்டகத்தைத் திறந்தா கல்யாணத்துக்குப் பரப்புன சாமான் பாதி அப்படியே இருக்கு. எனாமல் பேசின், பர்மா அரக்குப் பெட்டி, வெங்கலச் சாமான், அடியில மஞ்சத்துணியில சுத்தி ஒரு குங்குமச் சிமிழும் ஒரு ஜோடி தாயக்கட்டையும். கூடவே சாமான் கணக்கு நோட்டு, அதுல ‘தந்தச் சிமிழ் 1, தந்தத் தாயக்கட்டை 1 ஜோடி, ரெங்கூன்’னு மையில எழுதியிருக்கு.

அந்தச் சிமிழ் உள்ளங்கையில அடங்குற சைஸ்தான். மூடியில தாமரை இதழ் செதுக்கியிருக்கு, இதழ் இதழுக்கு நடுவுல இன்னமும் செவப்பு ஒட்டிக்கிட்டு இருக்கு, அப்பத்தா வச்ச குங்குமம். கையில வச்சா கொஞ்ச நேரத்துல நம்ம சூட்டுக்கு வந்துடுது, பிளாஸ்டிக் மாதிரி இல்ல. எனக்கு அதை விக்க மனசே இல்ல, ஆனா ஒம்பது புள்ளிக்கு அதை எப்படிப் பிரிக்கிறது, அதனால அதையும் பையில போட்டுக்கிட்டு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனோம். பழைய சாமான்னா அந்தத் தெருதான்னு எல்லாருக்கும் தெரியும்.

முதல்ல போன கடையைப் பத்தி ரொம்ப எழுதலை, பேரும் சொல்லலை. அந்த ஆளு சிமிழைப் பாத்ததும் கதவைச் சாத்திட்டு விலை பேச ஆரம்பிச்சாரு. பில்லுல எலும்புனு போட்டுக்கலாம், வெளிநாட்டுப் பார்ட்டி இருக்குன்னாரு. சட்டம் கிட்டம்னு தம்பி இழுத்தான், அதெல்லாம் புதுத் தந்தத்துக்குத்தான், நூறு வருஷத்துக்கு மேல ஆயிட்டா ஆன்டிக், ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொன்னாரு. அப்புறம் உள்ள போய் கருப்பா சின்னதா ஒரு கிண்ணம் எடுத்துட்டு வந்து காண்டாமிருகக் கொம்பு, இதுல விஷம் ஊத்துனா நொரைச்சுக் காட்டிக் கொடுத்துரும், அந்தக் காலத்துல ராசாக்க வச்சிருந்ததுன்னு எங்ககிட்டயே விக்கப் பாத்தாரு. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, யோசிச்சு சொல்றோம்னு கிளம்பிட்டோம்.

நாலு கடை தள்ளிதான் இந்த ரிவ்யூக்கு உரிய கடை. பேர் போட வேண்டாம்னு அண்ணனே கேட்டுக்கிட்டாரு, போட்டா நாளைக்கே ஆளாளுக்குத் தந்தத்தைத் தூக்கிட்டு இங்க வந்து நிப்பாங்கன்னாரு, நியாயம்தான். முன்னாடி தேக்குத் தூண் ரெண்டு சாத்தி வச்சிருப்பாரு, பக்கத்துல ஊஞ்சல் சங்கிலி தொங்கும், தெருவுல போறவங்களுக்கு இந்த அடையாளம் போதும்.

உள்ள போனதும் “வாங்க ஆச்சி”ன்னு ஸ்டூலைத் துடைச்சுப் போட்டாரு. நான் பையிலேருந்து மஞ்சத்துணியை எடுத்தேன். பிரிச்ச உடனே முகம் மாறிடுச்சு. “ஆச்சி, இதை மேசையில வைக்காதீங்க, உங்க கையிலயே இருக்கட்டும், நான் பாத்துச் சொல்றேன்”னு நகைக்கடை லென்ஸ் ஒண்ணை எடுத்தாரு. சிமிழோட அடிப்பக்கத்தைத் திருப்பச் சொல்லி என்னையே லென்ஸ் வழியாப் பாக்கச் சொன்னாரு. செதுக்கு இல்லாத வழவழப்பான இடத்துல மெல்லிசா ரெண்டு பக்கமும் வளைஞ்சு வர்ற கோடு, ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டு, கோழிக்கம்பி வலை மாதிரி. இத்தனை வருஷத்துல நாங்க யாரும் அதைப் பாத்ததே இல்ல. ஆனைத் தந்தத்தைக் குறுக்க வெட்டுனா இந்தக் கோடு தெரியும், அச்சுல ஊத்துன பிளாஸ்டிக்ல இப்படி வெட்டிக்கிட்டுப் போகாதுன்னு சொன்னாரு. அடுத்து தாயக்கட்டையைப் பாத்தா கோடே இல்ல, பொடிப்பொடியா கருப்புப் புள்ளியும் சின்னச் சின்னக் கீறலும்தான் தெரியுது. “இது எலும்பு ஆச்சி, ரத்தம் ஓடுன துவாரம் அது. கணக்கு எழுதுன ஐயாவை ரெங்கூன்ல யாரோ ஏமாத்திட்டாங்க.” இதெல்லாம் கண்ணால பாத்துச் சொல்றது, உறுதியா சொல்லணும்னா டேராடூன் வைல்ட்லைஃப் இன்ஸ்டிடியூட் லேப் மாதிரி இடத்துலதான் சொல்லணும்னும் சேத்துச் சொன்னாரு. தெரிஞ்சதை மட்டும் தெரிஞ்ச அளவுக்குச் சொல்ற ஆளு.

அப்புறம்தான் சொன்னாரு, தாயக்கட்டையை நான் வாங்கிக்கிறேன், சிமிழை நான் தொடவே மாட்டேன், எந்தக் கடையிலயும் குடுக்காதீங்க.

நான் விடலை, முதல் கடையில சொன்ன நூறு வருஷக் கதையை அப்படியே கேட்டேன். டீ வாங்கிக் குடுத்து உக்காத்தி வச்சு அரை மணி நேரம் சொன்னாரு. நான் வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் தேடிப் பாத்தேன், எல்லாமே சரி. நம்ம ஊர்ல நிறைய வீட்டுப் பெட்டகத்துல இந்த மாதிரி சாமான் இருக்கும்ங்கிறதால அதை இங்க எழுதுறேன்.

நம்ம நாட்டுல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972ல. 1986 திருத்தத்துல நம்ம ஆனைத் தந்தத்தை வியாபாரம் பண்ணவே கூடாதுன்னு ஆச்சு. அப்ப ஆப்பிரிக்காவுலேருந்து இறக்குமதி பண்ண தந்தத்துக்கு வழி இருந்துச்சு, கலந்து விட்டா எது நம்ம ஊரு எது அந்த ஊருன்னு யாரு கண்டுபிடிக்கிறது, அதனால 1991ல அந்தக் கதவையும் மூடிட்டாங்க. வியாபாரிங்க கோர்ட்டுக்குப் போனாங்க, டெல்லி ஹைகோர்ட்டு 1997ல தடை செல்லும்னு சொல்லிடுச்சு. அப்புறம் ஒரு கூட்டம் இது ஆனைத் தந்தமே இல்ல, என்னைக்கோ அழிஞ்சுபோன மாமூத்ங்கிற ரோம ஆனையோட தந்தம்னு வந்துச்சு, அதுவும் தந்தம்தான்னு 2003ல சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லிடுச்சு. இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் ரொம்பப் பழைய சாமானுக்குச் சில விதிவிலக்கு இருக்கு, இணையத்துல அதைப் படிச்சுட்டுத்தான் நம்ம ஆளுங்க இங்கயும் அப்படின்னு நெனைக்கிறாங்க. இங்க வயசுக்கு விலக்கே கிடையாது. மாட்டுனா மூணு வருஷத்துலேருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில், கூட அபராதம், 2022 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 25,000 ரூபாய்.

சரி விக்கத்தான் கூடாது, வீட்டுல வச்சுக்கலாமான்னு கேட்டேன். அதுக்கு ஓனர்ஷிப் சர்டிபிகேட் வேணும், சிமிழ் எங்க வீட்டுதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சா மட்டும் போதாது. சர்டிபிகேட் இருந்தா வாரிசுக்குப் போகலாம், வாரிசு 90 நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணும், அப்பவும் விக்க முடியாது. சர்டிபிகேட் இல்லாதவங்க கணக்குக் காட்டறதுக்கு 2003ல ஏப்ரல்லேருந்து 180 நாள் டைம் குடுத்திருந்தாங்களாம். அதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைச்சுருச்சு. அந்த 180 நாளும் அப்பத்தா நல்லாத்தான் இருந்தாக, தினம் காலையில முகப்புல உக்காந்து பேப்பர் படிச்சாக, எங்க யாருக்கும் சொல்ல ஆள் இல்ல. ஊர் ஊரா சட்டம் போட்டா மட்டும் போதுமா, வீட்டுல இருக்கிற ஆத்தாக்களுக்கும் புரியிற மாதிரி தண்டோரா போட்டிருக்க வேண்டாமா. இது என் ஆதங்கம்.

நான் கேட்ட இன்னொரு கேள்வி, அந்த ஆனை செத்து நூறு வருஷம் இருக்கும், இப்ப இந்தச் சிமிழை வித்தா யாருக்கு என்ன நஷ்டம்? அண்ணன் சொன்ன பதில் எனக்கு இன்னும் மனசுல நிக்குது. “ஆச்சி, புதுத் தந்தத்தைச் செதுக்கி டீத்தண்ணியில ஊறப்போட்டா ஒரே வாரத்துல உங்க அப்பத்தா காலத்துச் சிமிழ் ஆயிரும். பழசுக்கு வழி விட்டா அந்த வழியா புதுசுதான் வரும்.” தந்தத்துல மூணுல ஒரு பங்கு மண்டை ஓட்டுக்குள்ள பதிஞ்சு இருக்கும், முழுசா எடுக்கணும்னா ஆனையைக் கொன்னுதான் ஆகணும், பல்லு புடுங்குற மாதிரி புடுங்கிட்டு விட முடியாது. நம்ம ஊரு ஆனையில கொம்பன்னு சொல்ற ஆண் ஆனை மட்டும்தான் தந்தத்தோட இருக்கும், அதனால கொம்பனாப் பாத்துப் பாத்துச் சுட்டு, பெரியாறு பக்கம் ஆண் ஆனையே அத்திப்பூ மாதிரி ஆயிடுச்சு. சத்தியமங்கலம் காட்டுல வீரப்பன் சந்தனக் கட்டைக்கு முன்னாடி ஆரம்பிச்சதும் தந்தத்துலதான். ஆப்பிரிக்காவுல 1979ல ஏறக்குறைய 13 லட்சம் ஆனை இருந்தது பத்தே வருஷத்துல பாதியாப் போச்சு, அதைப் பாத்துட்டுத்தான் 1989ல சைட்டிஸ்ங்கிற, அழியுற நிலையில இருக்கிற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தத்துல உலகம் முழுக்கத் தந்தத்தை நாடு விட்டு நாடு விக்கத் தடை போட்டாங்க. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னு சின்ன வயசுலேருந்து பெருமையாச் சொல்லிக்கிட்டு இருக்கோம், அந்த ரெண்டாவது ஆயிரம்தான் அதோட உயிருக்கு எமனா வந்திருக்கு.

கருப்புக் கிண்ணத்தையும் சொன்னேன். அது எருமைக் கொம்பாத்தான் இருக்கும்னாரு. எருமைக் கொம்பு உள்ள கூடா இருக்கும், எலும்பு மேல உறை மாதிரி வளர்றது. காண்டாமிருகக் கொம்புக்குள்ள எலும்பே கிடையாது, நம்ம நகமும் முடியும் எதால ஆனதோ அதே கெரட்டின்தான், நார் நாரா ஒட்டி வளந்தது, அடிப்பக்கம் தேஞ்ச பிரஷ் மாதிரி இருக்கும். விஷத்தைக் காட்டும், ஜுரம் போகும்ங்கிறதெல்லாம் நம்ம நகத்தை வெட்டிக் கரைச்சுக் குடிச்சா என்ன பலனோ அதே பலன்தான். நிஜமான கொம்பா இருந்தா தந்தத்துக்கு உள்ள அதே சட்டம், அதே ஜெயில். 2021 செப்டம்பர் 22 அன்னைக்கு அசாம்ல காசிரங்கா பக்கத்துல போகாகாட்ங்கிற ஊர்ல அரசாங்கமே 2,479 கொம்பை அடுக்கி வச்சு எரிச்சாங்க, இதுக்கு மருந்துன்னு ஒரு மதிப்பும் இல்லன்னு ஊருக்குக் காட்டத்தான்.

இத்தனையும் சொல்லிட்டு எங்ககிட்ட ஒரு ரூபாய் வாங்கலை. வக்கீல் ஒருத்தரைப் பாத்துட்டு அவர் சொல்றபடி ஃபாரஸ்ட் ஆஃபீஸ்ல எழுதி ஒப்படைங்க, அதுவரைக்கும் பையில வச்சுக்கிட்டு ஊர் ஊரா சுத்தாதீங்கன்னாரு. அப்படியே பண்ணோம். பங்காளிகள்ல ரெண்டு பேருக்குக் கோவம், எவ்வளவு வரும்னு தெரியாமயே குடுத்துட்டியேன்னாங்க. ரெண்டு நடை போனோம், சாமான் கணக்கு நோட்டோட அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வச்சோம், சிமிழை எடை போட்டு, போட்டோ எடுத்து, எழுதி வாங்கிக்கிட்டாங்க. குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை மூடியைத் திறந்து மோந்து பாத்தேன், தாழம்பூக் குங்குமம், லேசா.

இனி கடையைப் பத்தி. எனாமல் சாமான் நிறைய வச்சிருக்காரு, சுவீடன்லேருந்து வந்தது, அடியில சீல் இருக்கும், திருப்பிப் பாத்து வாங்குங்க. நான் ஒரு நாலு அடுக்குக் கேரியர் 2,200க்கு வாங்குனேன், ஒரு இடத்துல எனாமல் உதிர்ந்திருக்குன்னு அவரே காட்டி 200 குறைச்சாரு. எங்க சாமானுக்கு எடை போட்டு, வெங்கலம் தனி பித்தளை தனின்னு பிரிச்சு, கண்ணு முன்னாடியே கணக்குப் போட்டாரு. எங்க பழைய வெங்கலச் சாமி ஒண்ணு வயசு அதிகமா இருக்கும்னு தோணுனதும் அதையும் வாங்கலை, நூறு வருஷம் தாண்டுன சிலைன்னா 1972 தொல்பொருள் சட்டத்துல வரும், முதல்ல பதிவு பண்ணுங்கன்னு சொல்லிட்டாரு. வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போறவங்களும் இதைக் கவனிங்க, நூறு வருஷச் சாமானை நீங்களா வெளிய கொண்டு போக முடியாது. அப்படி இல்லாத சாமானுக்குத் தொல்லியல் துறை சர்டிபிகேட் வாங்குற வழியை அண்ணன் சொல்லித் தருவாரு.

குறைன்னா, எதுலயும் விலை ஒட்டலை, ஒவ்வொண்ணா கேக்கணும். தூசி ஜாஸ்தி, ஆஸ்துமா இருக்கிறவங்க மாஸ்க் போட்டுக்குங்க. மாடியில இருக்கிற ரவிவர்மா படமெல்லாம் ஈரச் சுவத்துல சாத்தி வச்சிருக்காரு, அதைச் சொன்னேன், மாத்துறேன்னாரு. கார்டு எடுக்க மாட்டாரு, ஜிபே இல்லாட்டி ரொக்கம். கார் நிறுத்த இடம் கிடையாது, கொஞ்சம் தள்ளி விட்டுட்டு நடந்து வாங்க.

தாயக்கட்டையை மட்டும் அவருக்கும் குடுக்கலை. எலும்பா இருந்தா என்ன, வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன், ராத்திரி மகளும் அப்பச்சியும் உருட்டிக்கிட்டு இருக்காங்க.