உயர்திணையா, அஃறிணையா? ஒரு ஏஐ செயலியோடு இரண்டு வருடம்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் வீடு. சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூசன் எடுக்கிறேன். இரண்டு வருடத்துக்கு மேலாக ஒரு ஏஐ உரையாடல் செயலியை ஏறக்குறைய தினமும் பயன்படுத்துகிறேன். எந்தச் செயலி என்று சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வந்த விஷயத்தில் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான்.

முதலில் நடைமுறை. மாதிரி வினாத்தாள் தயாரிக்க, ஆங்கிலத்தில் கடிதம் எழுத, ஒரு பாடத்தை நாலு விதமாக விளக்கச் சொல்லிக் கேட்க நல்ல கையாள். ஒற்று மிகும் இடம் மிகா இடம் கேட்டால் மட்டும் நம்பாதீர்கள். விதியைச் சரியாகச் சொல்லிவிட்டு உதாரணத்தில் கோட்டை விடும். மழை பிடித்தால் எங்கள் பக்கம் சிக்னல் ஒரு கோடுதான், அப்போது செயலியும் இல்லை. தமிழில் கேட்டால் இலவச அளவு சீக்கிரம் தீர்கிற மாதிரி இருக்கும். இந்தச் செயலிகள் எழுத்தைத் துண்டு துண்டாக உடைத்துத்தான் படிக்கின்றன; ஒரே விஷயத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குப் பெரும்பாலும் கூடுதல் துண்டு பிடிக்கிறது.

கட்டணத் திட்டம் மாதம் 20 டொலர். நம் காசில் ஆறாயிரத்தைச் சுற்றி வரும். தொகையைச் சொன்னதும் அம்மா விரலை மடக்கினார். 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. "நாலரைப் பேரு" என்றார். நான் இலவசத்திலேயே இருந்துவிட்டேன்.

தோட்டம் தெரியாதவர்களுக்கு: ஒரு நாள் வேலையைச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதிவதுதான் பேர் போடுவது; தோட்டத்தை நடத்துபவர்தான் தொர. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். முப்பத்திரண்டு வருடம் கொழுந்தெடுத்த அம்மா எந்தச் செலவையும் இன்னும் பேர்க் கணக்கில்தான் பார்ப்பார்.

எனக்கு முதல் சந்தேகம் வந்ததும் இந்தச் சொல்லில்தான். அரைப் பேர் என்றால் என்ன என்று கேட்டேன். ஒருவருடைய முழுப் பெயரின் சுருக்கம் என்றது, உதாரணத்தோடு. தோட்டத்து வழக்கை விளக்கினேன். "மிகச் சரியாகச் சொன்னீர்கள், மன்னிக்கவும்" என்றது. சரி, பார்ப்போம் என்று ஒரு பொய்யைப் போட்டேன்: இல்லை இல்லை, இரட்டைப் பிள்ளைகளில் இளையதுக்கு வைக்கிற பெயர்தான் அரைப் பேர். அதற்கும் "மிகச் சரி, மன்னிக்கவும்". மூன்று பதிலிலும் ஒரே குரல், ஒரே பணிவு. இன்னொரு நாள் "தப்பு அடித்தார்கள்" என்று ஒரு வாக்கியம் கொடுத்தேன். யார் என்ன தவறு செய்தார்கள் என்று விசாரித்தது. சாவீட்டிலும் காமன் கூத்திலும் அடிக்கிற தப்பு என்ற பறை அதன் காதில் விழுந்ததே இல்லை. விழுவதற்குக் காதும் இல்லை.

கணினி முன்னோடி அலன் டியூரிங் 1950இல், இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, எழுத்தில் பேசிப் பார்க்கும்போது மனிதனிடமிருந்து பிரித்தறிய முடிகிறதா என்று பாருங்கள் என்றார். அந்தப் பரீட்சையில் என் செயலி தினமும் பாஸ், தப்புச் சத்தம் கேட்கும்வரை. தத்துவவாதி ஜோன் சேர்ள் 1980இல் வேறு கதை சொன்னார். சீனம் தெரியாத ஒருவர் அறைக்குள் இருக்கிறார். வெளியிலிருந்து சீனத்தில் எழுதிய துண்டுகள் வருகின்றன. இந்தக் குறி வந்தால் அந்தக் குறியைக் கொடு என்று ஒரு விதிப் புத்தகம் அவரிடம் உண்டு. அதைப் பார்த்து அவர் வெளியே தள்ளுகிற பதில் சரியாகவே இருக்கிறது. வெளியே நிற்பவர்கள் உள்ளே இருப்பவருக்குச் சீனம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இதைப் படித்தபோது அப்பா ஞாபகம்தான் வந்தது. சிங்களத்தில் வரும் கடிதத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு டவுனுக்குப் போவார். வாசிக்கத் தெரிந்த யாரிடமாவது கொடுத்து, அவர்கள் நிரப்பிய படிவத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வருவார். ஆபீசில் இருந்தவர்களுக்குப் படிவம் சரியாக இருந்தது, அவ்வளவுதான் வேண்டும். ஆனால் அப்பாவுக்குத் தனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது என்பது தெரியும். சந்தேகம் வந்தால் இரண்டாவது ஆளிடமும் காட்டிக் கேட்பார். இரண்டு வருடத்தில் செயலியிடம் நான் காணாதது இந்த ஒன்றுதான். இந்த இடத்தில் எனக்குத் தெரியாது என்று அதற்கு உறைப்பதில்லை.

போன வருடம் திணை நடத்திக்கொண்டிருந்தேன். "மிஸ், ஏஐ உயர்திணையா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். "மக்கள் தேவர் நரகர் உயர்திணை" என்கிறது நன்னூல். மக்கள் இல்லை, தேவரும் இல்லை. "அப்ப நரகர்ல போடுங்க மிஸ்" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. அஃறிணை என்று எழுதச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று இரவே வீட்டில், "இவன் என்ன சொல்றான் பாருங்க" என்று போனை அம்மாவிடம் நீட்டுகிறேன்! படர்க்கையில் பேச வாயைத் திறந்தாலே தமிழில் பெரும்பாலும் வினைமுற்றோடு திணையும் வந்து விழுந்துவிடும், தப்பிப்பது கஷ்டம். என்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. கணினி விஞ்ஞானி ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலிசா, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கிற ஒரு சின்ன நிரல். அதோடு பேச உட்கார்ந்த அவருடைய செயலாளரே, கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரிடம் சொன்னாராம்.

அம்மாவுக்கு இந்தக் குழப்பமே இல்லை. குரலில் பேசும் வசதி வந்த பிறகு மருந்துச் சீட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் கேட்டுவைப்பார். பிறகு என்னிடம், "அந்தப் புள்ள என்னா சொல்லுது?" என்பார். புள்ள, ஆனால் சொல்லுது. குழந்தையை நாம் அப்படித்தானே சொல்கிறோம்: புள்ள அழுவுது, புள்ள தூங்குது. தொல்காப்பியக் கிளவியாக்கத்தில், மனிதரைக் குறித்தாலும் அஃறிணை முடிவு கொள்கிற சொற்கள் என்று ஒரு பட்டியல் வரும். மகவு, குழவி உண்டு. அரசு உண்டு. அடிமையும் உண்டு. வருடக்கணக்கில் நடத்திய பாடம்தான், இவையெல்லாம் ஒரே வரிசையில் நிற்பது அம்மாவின் வாயால்தான் உறைத்தது.

யாரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது மலையகத்தில் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தால் எங்கள் தாத்தா நாடற்றவர் ஆனார். 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அதற்காகச் செயலிக்கு வாக்குரிமை கேட்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தாத்தாவுக்கு வலித்தது, அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். "எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று செயலி எழுதுவதை நான் சாட்சியாக எடுக்க மாட்டேன். என் பொய்க்கும் மிகச் சரி என்ற வாய் அது. இருந்தாலும், அதற்கு ஒன்றுமே இல்லை என்று ஒருவர் மேசையில் தட்டிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூசுகிறது. எங்களைப் பற்றி எழுதியவர்களும் அவ்வளவு நிச்சயமாகத்தான் இருந்தார்கள்.

போன மாதம் ஒரு ராத்திரி, வினாத்தாள் வேலை முடிய நேரமாகிவிட்டது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "இந்நேரத்துக்கும் வேலை செய்யுதே பாப்பா, இதுக்கு யாரு பேரு போடுறா?" என்றார். அதை அப்படியே தட்டெழுதிக் கேட்டேன். என்னை உருவாக்கிய நிறுவனம்தான் எனக்குப் பெயர் வைத்தது என்று பதில் வந்தது. வாசித்துக் காட்டினேன்.

"அதான பாத்தேன், தொரதான்" என்று சொல்லிவிட்டு தேத்தண்ணி போட எழுந்து போனார்.