திரையில் 8, கிணற்றில் 20: எண்ணெய் வயலில் டிஜிட்டல் கருவிகளோடு ஏழு வருடம்

தெற்கு ஓமான் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறுகளின் இன்ஸ்ட்ருமென்ட் வேலை எனக்கு. ஆறு வாரம் அங்கே, மூன்று வாரம் மன்னார்குடியில். 2018இல் எங்கள் பகுதியில் இருந்த எண்பத்துச் சொச்சம் 'தலையாட்டி' பம்புகளுக்கும் ஒவ்வொன்றாக கண்ட்ரோலர் மாட்ட ஆரம்பித்தார்கள். கூடவே ரேடியோ, சோலார் பேனல், கண்ட்ரோல் ரூமில் பெரிய திரை, வருகிற அளவுகளையெல்லாம் சேர்த்து வைக்க ஹிஸ்டாரியன் சர்வர். எண்ணெய் எடுக்கப் போனவன் எண் எடுத்துக்கொண்டிருக்கிறான் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பேன். முதல் வருடம் எழுதியிருந்தால் இது விளம்பரம் மாதிரி இருந்திருக்கும். மூன்றாம் வருடம் எழுதியிருந்தால் வெறும் வசவு. அதனால்தான் இவ்வளவு நாள் கழித்து.

முன்பு எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரத்து அண்ணன் ஒருவர் எங்களுக்கு ஃபீல்டு ஆபரேட்டர். பிக்அப்பை எடுத்துக்கொண்டு காலையிலிருந்து கிணறு கிணறாகப் போவார். பம்பு தலையாட்டுகிறதா என்று பார்ப்பார், இறங்கி ஃப்ளோலைனில் (கிணற்றிலிருந்து எண்ணெயைக் கொண்டுபோகும் குழாய்) கை வைப்பார். கீழிருந்து வரும் திரவம் சூடு, அதனால் குழாய் சுட்டால் ஓடுகிறது என்று அர்த்தம். கோடைக்கால நடுப்பகலில் எல்லாக் குழாயும்தான் சுடும், ஆகவே இந்தப் பரிசோதனை விடியற்காலைக்கு மட்டும். ராத்திரி எட்டு மணிக்குக் கீழே ராடு (மேலே ஆடும் தலையையும் கிணற்றடியில் இருக்கும் பம்பையும் இணைக்கும் நீண்ட எஃகுக் கம்பி) அறுந்தால் மறுநாள் அவர் வரும்வரை தலையாட்டி சும்மா ஆடிக்கொண்டிருக்கும்.

கண்ட்ரோலர் வந்ததும் இது ஒரே வாரத்தில் மாறியது. ராடு அறுந்தால் சுமை சட்டென்று விழும், ஓரிரண்டு ஸ்ட்ரோக்கிலேயே (ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு ஸ்ட்ரோக்) பம்பு நின்றுவிடும். கிணற்றில் திரவம் ஊறுவதைவிட வேகமாக இறைத்துவிட்டால் தானே நிறுத்தி, ஊற விட்டு, மறுபடி ஓட்டும். நம்மூர் வயல் கிணற்றில் தண்ணீர் கீழே போனதும் மோட்டாரை அணைத்துவிட்டுக் காத்திருப்போமே, அதே கதைதான். இந்த இரண்டு வேலைக்காக மட்டுமே இந்தக் கருவியை வாங்கலாம். இன்றும் இதில் எனக்குக் குறை இல்லை.

உண்மையான விருந்து 'கார்டு'. ராடின் மேல்முனைத் துண்டான பாலிஷ்டு ராடில், சுமையை அளக்கும் ஒரு லோட் செல் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் ராடு எங்கே இருக்கிறது, எவ்வளவு சுமை தாங்குகிறது என்று வரைந்தால் ஒரு மூடிய வளைவு கிடைக்கும். சில ஆயிரம் அடி நீள எஃகுக் கம்பி ரப்பர் மாதிரி இழுபட்டுச் சுருங்குவதால் மேலே தெரிவது கோணல்மாணலாக இருக்கும். 1960களில் ஷெல் நிறுவனத்தில் இருந்த சாம் கிப்ஸ் அலைச் சமன்பாட்டைக் கொண்டு மேலே அளந்ததிலிருந்து கீழே பம்பின் இடத்தில் என்ன நடக்கிறது என்று கணக்கிட வழி செய்தார். அந்தக் கணக்கை இன்று கிணற்றோரப் பெட்டியே ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் போடுகிறது. பம்பு நிறைந்திருந்தால் கிட்டத்தட்ட செவ்வகம். பாதிதான் நிறைந்திருந்தால் வலது கீழ் மூலையை யாரோ கடித்த மாதிரி இருக்கும். அந்தக் கடி செங்குத்தாக இருந்தால் திரவம் போதவில்லை, வழுக்கலாக இறங்கினால் உள்ளே கேஸ் புகுந்திருக்கிறது. ஒரு மாதம் பார்த்துப் பழகினால் கண் தானே படிக்கும்.

இந்தப் படம் முழுக்க அந்த ஒரு லோட் செல்லை நம்பி இருக்கிறது. வொர்க்ஓவர் (கிணறு பழுதுபார்க்கும்) ஆட்கள் ராடைக் கழற்றி மாட்டும்போது லோட் செல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால், கார்டின் வடிவம் அழகாகவே வரும், ஆனால் மொத்தமாகக் கீழே இறங்கி நிற்கும். இதைப் பிடிக்க மென்பொருள் எதுவும் வேண்டாம். 7/8 அங்குல ராடு அடிக்குச் சுமார் 2.2 பவுண்டு. 2,000 அடி என்றால் காற்றில் 4,450 பவுண்டு. திரவத்தில் மிதப்பதால் எட்டில் ஒரு பங்கு போனாலும் 3,900 இருக்க வேண்டும். ராடு இறங்கும்போது பம்பை நிறுத்திப் பார்த்தால் திரை 2,500 என்கிறதா? அப்படியானால் கோளாறு கிணற்றில் இல்லை, லோட் செல்லில். இந்த ஒரு பெருக்கலை எல்லாக் கிணற்றுக்கும் போட்டு ஒரு பட்டியலாகக் கண்ட்ரோல் ரூமில் ஒட்டினோம். வாங்கிய எந்த மென்பொருளையும்விட அந்தத் தாள் அதிகம் உழைத்திருக்கிறது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். மூன்றாம் வருடம், ஒரு கிணற்றில் உற்பத்தி மெல்ல மெல்லக் குறைந்தது. கார்டில் கேஸ் புகும் வழுக்கல். கேஸ் என்றதும் முதலில் பார்ப்பது கேசிங் (கிணற்றின் வெளிக்குழாய்) அழுத்தம். திரையில் 8 பார் (அழுத்த அலகு). அந்தக் கிணற்றுக்கு எப்போதும் அவ்வளவுதான் இருக்கும். சரி, பம்புதான் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, வொர்க்ஓவர் ரிக்கைக் கொண்டுவந்து, ராடு முழுக்க உருவி, பம்பை மேலே எடுத்து ஷாப்புக்கு அனுப்பினார்கள். "பம்பு நன்றாக இருக்கிறது" என்று திரும்பி வந்தது. இறக்கி ஓட்டினால் மறுபடி அதே வழுக்கல்.

ராமநாதபுரத்து அண்ணன்தான் ஒரு நாள் ரேடியோவில் கூப்பிட்டார். "தம்பி, உன் திரைல எவ்வளவு காட்டுது?" "எட்டுண்ணே." "நான் கை கேஜ் மாட்டியிருக்கேன். இருபது காட்டுது." கை கேஜ் என்பது கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்க்கும் அழுத்தமானி.

நடந்தது இதுதான். பல வாரங்களுக்கு முன் அழுத்தத்தை அளந்து மின்னோட்டமாக அனுப்பும் பழைய பிரஷர் டிரான்ஸ்மிட்டர் கெட்டுப்போய் வேறொன்று மாட்டியிருக்கிறார்கள். பழையது 0 முதல் 40 பார், புதியது 0 முதல் 100. அந்த மின்னோட்டத்தை எண்ணாக்கித் திரைக்கு அனுப்பும் கிணற்றோரப் பெட்டியான ஆர்டியூவில் 40 என்பதை யாரும் மாற்றவில்லை. டிரான்ஸ்மிட்டர் 20 பாருக்கு 7.2 மில்லிஆம்ப் அனுப்புகிறது, ஆர்டியூ தன் பழைய கணக்கில் அதை 8 பார் என்று மொழிபெயர்க்கிறது. மாற்றிய அன்று திரையில் 8 இருந்த இடத்தில் 3 வந்திருக்கிறது. 'அழுத்தம் குறைந்தது நல்லதுதானே' என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் கேசிங்கிலிருந்து ஃப்ளோலைனுக்குப் போகும் செக் வால்வ் (ஒருவழி வால்வு) அடைத்துக்கொண்டு, கேஸ் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, திரவ மட்டத்தைப் பம்பு வரைக்கும் அமுக்கிவிட்டது. அதற்குள் திரை 3லிருந்து ஏறி 8க்கு வந்துவிட்டது. பழைய எண்ணே திரும்பி வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. செக் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ரிக் வந்து போன செலவை யாரும் என் முன்னால் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. அத்தனை வாரமும் அந்த அளவுக்குப் பக்கத்தில் 192 என்று தரக் குறியீடு நின்றது. கருவிகளின் அளவுகளை மென்பொருளுக்குக் கொண்டுசேர்க்கும் ஓபிசி முறையில் 192 என்றால் 'நல்லது', 64 'சந்தேகம்', 0 'மோசம்'. இந்த 192ஐ நாங்கள் எல்லோரும் உண்மைக்கான சான்றிதழ் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தோம். தபால்காரர் கடிதத்தைக் கசங்காமல் கொண்டுவந்து சேர்த்தார், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கடிதத்தில் எழுதியிருப்பது உண்மையா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பின்னால் ஹிஸ்டாரியனைத் தோண்டினால் இன்னொரு கூத்து. இடத்தை மிச்சப்படுத்த, அளவு குறிப்பிட்ட தூரம் நகர்ந்தால்தான் பதிவு செய்யும்படி வைத்திருந்தார்கள். அந்த வரம்பை யாரோ பெரிதாக வைத்ததால், மெல்ல ஏறிய அழுத்தம் பதிவில் நான்கைந்து படிக்கட்டாக நின்றது. நேர்க்கோட்டைப் பார்த்தால் கண்ணுக்கு அமைதியாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து கோடு ரொம்ப நேராகப் போனால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவின் மக்காண்டோ எண்ணெய்க் கிணற்றில் நடந்த வெடிவிபத்தைப் பயிற்சி வகுப்பில் எல்லோரும் கேட்டிருப்போம். அழுத்தத்தைக் குறைத்துவிட்டுக் கிணறு கசிகிறதா என்று பார்க்கும் எதிர்மறை அழுத்தச் சோதனையில், துளையிடும் குழாயான டிரில் பைப் 1,400 பிஎஸ்ஐ (இதுவும் அழுத்த அலகு) காட்டியது, பக்கத்துக் குழாயான கில் லைன் பூஜ்யம் காட்டியது. இரண்டும் ஒரே கிணற்றோடு சேர்ந்தவை, இரண்டும் ஒத்துப்போயிருக்க வேண்டும். 1,400க்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்து, பூஜ்யத்தை எடுத்துக்கொண்டார்கள். அன்றிரவு 11 பேர் இறந்தார்கள். எங்கள் செக் வால்வை அதோடு ஒப்பிட எனக்கு வாய் வராது. ஆனால் கார்டு ஒன்று சொல்ல, கேசிங் வேறு சொல்ல, பிடித்ததை மட்டும் நாங்களும்தான் எடுத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு செய்த மாற்றங்களில் இரண்டு நிலைத்தன. ஒன்று, ஹார்ட் (கருவியோடு டிஜிட்டலாகப் பேசும் முறை) வசதியுள்ள டிரான்ஸ்மிட்டர்களுக்குத் தங்கள் ரேஞ்ச் என்ன என்று தங்களுக்கே தெரியும். ராத்திரியில் ஒரு சின்ன நிரல் ஒவ்வொன்றிடமும் அதைக் கேட்டு ஆர்டியூவில் இருப்பதோடு ஒப்பிடும், பொருந்தாவிட்டால் காலையில் பட்டியல் வரும். முதல் ராத்திரியே இன்னும் இரண்டு கிணறு சிக்கியது. இரண்டாவது, திரையில் ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் ஒரு தேதி: கை கேஜ் வைத்து மனிதர் சரிபார்த்த கடைசி நாள். இதற்கு மேலிடத்தில் எதிர்ப்பு இருந்தது. தேதி பழசாக இருந்தால் யாரையாவது கேள்வி கேட்பார்களே.

மற்றவற்றைச் சுருக்கமாக. சோலார் பேனல் தூசிப் புயலுக்கு அடுத்த இரண்டு நாளில் மறக்காமல் காலை வாரும். பகலில் எல்லாம் சரியாக இருக்கும், விடிவதற்கு முன் பேட்டரி தீர்ந்து ரேடியோ தொங்கிவிடும். துடைக்கப் போக ஆள் வேண்டும் என்று எந்த விற்பனையாளரும் சொல்லவில்லை. ஒரே கிணற்றுக்கு மூன்று சிஸ்டத்தில் மூன்று பெயர் இருந்ததைச் சரிசெய்ய ஒரு வருடம் ஆனது. அலாரம் ஆரம்பத்தில் ஷிஃப்டுக்கு நூற்றுக்கணக்கில் வந்தது. பத்து நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் ஓர் ஆபரேட்டருக்கு வரக்கூடாது என்பது துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு. அதற்குப் பக்கத்தில் வரவே மூன்று வருடம்.

கடைசியாக வந்தது கார்டுகளைத் தானே வகைப்படுத்தும் ஏஐ. திரவம் போதாமை, ராடு அறுதல் இரண்டையும் நன்றாகவே பிடிக்கிறது. அது கற்றதெல்லாம் நாங்கள் பழைய கார்டுகளுக்கு எழுதிவைத்த பெயர்களிலிருந்து. செக் வால்வ் அடைத்த அந்தக் கிணற்றின் கார்டுகள் எல்லாவற்றுக்கும் 'பம்பு தேய்மானம்' என்று எழுதி வைத்திருந்தோம். தற்செயலாகத்தான் பார்த்தேன், உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். வேறு எத்தனை கிணற்றில் இப்படி எழுதி வைத்திருக்கிறோமோ.

புதிதாக வாங்குபவர்கள் கேட்டால்: கண்ட்ரோலரைத் தயங்காமல் வாங்குங்கள். பெரிய திரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் காசில் இரண்டு பேரையும் நல்ல கை கேஜ்களையும் வையுங்கள்.

ராமநாதபுரத்து அண்ணன் போன வருடம் ஊரோடு போய்விட்டார். அவர் கேஜ் என் பெட்டியில் இருக்கிறது. இந்த முறை கிளம்பும் முன் தேதிப் பட்டியலைப் பழசிலிருந்து வரிசைப்படுத்திப் பார்த்தேன். பதினான்கு மாதமாக யாரும் கை வைக்காமல் ஒரு கேசிங் டிரான்ஸ்மிட்டர், கோடு ரொம்ப நேராக. திரும்பிப் போனதும் முதல் வேலை அதுதான்.