9 வெள்ளிக்குப் புல்வெளிப் பால்: வாங்கலாமா?

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் வேனில் வந்து கண்ணாடிப் பாட்டிலில் பால் கொடுத்துவிட்டுப் போகிறாரே ஓர் அண்ணன், அவருடைய பாலைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. சின்ன வியாபாரம், நானோ குறையும் சொல்லப் போகிறேன். இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். ஒரு லிட்டர் 9 வெள்ளி (ரிங்கிட்). பாட்டிலுக்கு முன்பணம் 3 வெள்ளி தனி. காலிப் பாட்டிலைக் கழுவிக் கொடுத்தால் அடுத்த முறை கழித்துக்கொள்வார்.

நான் வீட்டிலிருந்தே பால்கோவாவும் தயிரும் செய்து விற்கிறேன். அதனால் ருசியெல்லாம் எனக்கு அப்புறம்தான். அடுப்பில் வைத்தால் எவ்வளவு சுண்டுகிறது, என்ன மிஞ்சுகிறது, அதைத்தான் முதலில் பார்ப்பேன். இவர் பாலை ஒரு லிட்டர் சுண்டக் காய்ச்சினால் ஏறக்குறைய 200 கிராம் கோவா நிற்கிறது. மழை பிடித்துக்கொண்ட மாதங்களில் குறையும். இளம்புல்லில் தண்ணீர் அதிகம், நார் குறைவு. மாடு அதையே மேய்ந்தால் பாலில் கொழுப்பு இறங்கிவிடும். நவம்பரில் தீபாவளி ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு இவரை மட்டும் நம்பினால் கணக்கு இடிக்கும். பேரங்காடிப் பெட்டிப் பாலில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. ஆனால் அதில் கொழுப்பைப் பொடியாக உடைத்துக் கலந்துவிடுவதால் ஆடை கனமாகப் படியாது. இவர் பாலில் படியும், அதுவும் நல்ல மஞ்சளாக. பச்சைப் புல்லில் உள்ள கரோட்டீன்தான் அந்த மஞ்சள். (எருமை அதையெல்லாம் வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடும், அதனால்தான் எருமைப்பால் வெள்ளை வெளேரென்று இருக்கிறது.) ஜெர்சிக் கலப்பு மாடு என்றாலும் மஞ்சள் கூடும். ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து "இது புல் மேய்ந்த மாட்டுப் பால்" என்று சத்தியம் செய்யாதீர்கள்.

தயிர்தான் இதில் ராஜா. இரவு உறை ஊற்றினால் காலையில் கத்தியால் வெட்டலாம். தேநீர் போட்டால் சாதாரணமாகத்தான் இருக்கிறது, தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) பிரியர்கள் ஏமாறுவார்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இது பச்சைப் பால். "இயற்கைப் பால்தானே" என்று அப்படியே குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். புருசெல்லா காய்ச்சல், காசநோய் எல்லாம் பச்சைப் பால் வழியாக வரும். பொங்கி வரும்வரை காய்ச்சுங்கள்.

இனி அந்த ஸ்டிக்கருக்கு வருகிறேன். பாட்டிலில் பச்சை நிறத்தில் ஒரு மாடு, கீழே "100% புல்வெளிப் பால், பூமிக்கு நல்லது" என்று அச்சடித்திருக்கிறார். ரவாங் தாண்டி அவருடைய கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். மாடுகள் காலையில் மேய்கின்றன, உண்மை. செம்பனை மரங்களுக்கு நடுவிலும், உயர் அழுத்த மின்கம்பி போகும் வெட்டவெளியிலும் மேய்கின்றன. வெயில் ஏறியதும் கொட்டகைக்கு வந்துவிடும். அங்கே அறுத்துப்போட்ட நேப்பியர் புல், சோயாப்பால் ஆலையில் பிழிந்து எஞ்சிய சக்கை, அப்புறம் செம்பனைப் புண்ணாக்கு (செம்பனைக் கொட்டையில் எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சக்கை). அப்படியிருக்க 100% என்பது எப்படி?

கேட்டேன். "வெறும் புல்லுல பத்து லிட்டரத் தாண்டாதும்மா" என்றார். அவர் சொல்வது சரிதான். நம் நாட்டுச் சூட்டில் புல் வேகமாக வளரும், அதே வேகத்தில் முற்றியும்விடும். ஆறேழு வாரத்தில் அறுக்கவில்லையென்றால் நேப்பியர் வெறும் தடி. நார் கூடிப் புரதம் குறைந்துவிடும். குளிர்நாட்டு ஃப்ரீசியன் மாட்டுக்கு இந்தப் புல்லும் போதாது, இந்த வெயிலும் ஆகாது. அதனால்தான் இங்கே பஞ்சாப் பக்கத்து சாஹிவாலோடு ஃப்ரீசியனைக் கலந்து வளர்க்கிறார்கள். அரசாங்கக் கால்நடைத் துறை உருவாக்கிய மாஃப்ரிவால் அந்த வகைதான். பால் கொஞ்சம் குறைவு, ஆனால் வெயிலைத் தாங்கும்.

புல்வெளிப் பால் என்றதும் நமக்கு நியூசிலாந்துதான் ஞாபகத்துக்கு வரும், பால்மாவு டின்னில் அந்தப் படத்தைத்தானே பார்த்து வளர்ந்தோம். அங்கே மாடுகள் பெரும்பாலும் ஆண்டு முழுக்க வெளியில்தான். வசந்தத்தில் புல் பொங்கும் நேரத்துக்குப் பாலும் பொங்க வேண்டும் என்று ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் மொத்த மந்தையும் கன்று போடும்படி பார்த்துக்கொள்வார்கள். புல்லை மாடே போய் அறுத்துக்கொள்கிறது, சாணத்தையும் அதுவே பரப்பிவிடுகிறது. கொட்டகைச் செலவில்லை, கூலி குறைவு. அவர்கள் மலிவாகப் பால் கறக்கும் ரகசியம் இதுதான். ஆனால் அங்கே மழை பொய்த்துப் புல் காய்ந்தால் மாட்டுக்கு என்ன வைக்கிறார்கள் தெரியுமா? மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கப்பலில் போகும் அதே செம்பனைப் புண்ணாக்குதான். உலகத்திலேயே அதை அதிகம் வாங்கும் நாடுகளில் நியூசிலாந்தும் ஒன்று. ஃபொன்டெரா என்ற அவர்களுடைய பெரிய கூட்டுறவு நிறுவனம், ஒரு மாட்டுக்கு நாளைக்கு 3 கிலோவுக்கு மேல் போட வேண்டாம் என்று 2015இல் சொன்னது. பிறகு 2018இல் பாலின் கொழுப்பையே சோதித்து, எல்லை மீறினால் பணத்தைப் பிடிக்க ஆரம்பித்தது. அவர்களே அப்படியென்றால் நம் அண்ணனைப் புண்ணாக்குக்காகத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த 100% ஐ மட்டும் அழித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் அழிக்கவில்லை.

"பூமிக்கு நல்லது" என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. மாடு எங்கே நின்று தின்றாலும் மீத்தேனை ஏப்பமாக விடும். பத்து லிட்டர் கறக்கும் மேய்ச்சல் மாடும் முப்பது லிட்டர் கறக்கும் கொட்டகை மாடும் விடும் ஏப்பத்தை லிட்டர் கணக்கில் பிரித்துப் பார்த்தால், மேய்ச்சல் மாட்டின் பங்குதான் பெரும்பாலும் கூடுதலாக வரும். நியூசிலாந்து நாடு வெளியிடும் பசுங்குடில் வாயுக்களில் ஏறக்குறைய பாதி விவசாயத்திலிருந்துதான். தண்ணீர்ப் பிரச்சினை தனி. மூத்திரம் விழுந்த இடத்தில் நைட்ரஜன் குவிந்து, புல் உறிஞ்சியது போக மிச்சம் நைட்ரேட்டாக நிலத்தடிக்கு இறங்குகிறது. மேய்ச்சல் நிலத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 190 கிலோவுக்கு மேல் ரசாயன நைட்ரஜன் போடக் கூடாது என்று அங்கே 2021இல் வரம்பே வைத்தார்கள்.

நம் அண்ணன் கொட்டகைக்குப் பின்னால் சாணக் குட்டை வெட்டியிருக்கிறார். பெருமழைக்கு அது நிரம்பி ஓடையில் வழிவதை அவரே ஒத்துக்கொண்டார். கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரும்பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் சிலாங்கூர் ஆற்றிலிருந்துதான் வருகிறது. ரவாங் பக்கத்து ஓடைகள் எங்கே போய்ச் சேரும் என்று நினைத்துப் பாருங்கள். என் மதிப்பீட்டில் இது பெரிய குறை.

இவருக்காகச் சொல்ல வேண்டியதும் நிறைய இருக்கிறது. மரங்களுக்கு நடுவே மாடு மேய்வதால் தோட்டக்காரருக்குக் களைக்கொல்லிச் செலவு மிச்சம். காய்ந்த சாணத்தை சுங்கை பூலோ நாற்றுப் பண்ணைகளுக்கு மூட்டையாக விற்கிறார். சோயாச் சக்கையை மாடு தின்னாவிட்டால் அது குப்பைக்குத்தான் போகும். பெட்டிப் பால் கொடுக்கும் பெரிய பண்ணைகளுக்கு மக்காச்சோளமும் சோயாவும் கடல் தாண்டி வர வேண்டும். ரிங்கிட் இறங்கினால் அங்கே தீனி விலை ஏறும். இவருக்கு அந்த அடி குறைவாகத்தான் விழும்.

விலைக்கு வருவோம். 9 வெள்ளியில் பாதிக்குப் பக்கம் தீனிக்கே போகிறது, அப்புறம் வேன், பெட்ரோல், ஆள் கூலி என்று கணக்குச் சொன்னார். பாலில் பெரிதாக நிற்பதில்லை. காளைக்கன்றுகளை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விற்பதில்தான் ஆண்டுக் கணக்கு நேராகிறது. இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். மாட்டுப் பொங்கலுக்கு அதே கொட்டகையில் கொம்புக்குச் சாயம் பூசுகிறவர். பால் குடிக்கிற நாமும் அந்தக் கணக்கில் இருக்கிறோம் என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நிலமும் அவருடையதல்ல. தற்காலிக அனுமதியில் இருக்கிறார், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஒரு காலத்தில் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நம் ஆட்கள் மாடு வளர்த்தார்கள், 1970களில் அரசாங்கம் பால் சேகரிப்பு நிலையங்கள் திறந்தபோது பால் கொண்டுபோய் ஊற்றியவர்களில் நம்மவர்கள் நிறைய. தோட்டங்களை வீடமைப்புக்கு விற்றதும் மேய்ச்சலும் போயிற்று. நாளைக்கே அனுமதி இல்லையென்றால் இவரும் மாட்டை விற்க வேண்டியதுதான். புல்லில் பணம் மிச்சம் பிடிக்க, முதலில் புல் முளைக்கும் நிலம் கையில் நிலைக்க வேண்டும். நியூசிலாந்து விவசாயிக்கும் இவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் 9 வெள்ளி அதிகமில்லை என்றே நினைக்கிறேன்.

தயிர், நெய், பால்கோவாவுக்கு என்றால் தாராளமாக வாங்குங்கள். தினமும் தேத்தண்ணிக்கும் பிள்ளைகளின் மைலோவுக்கும் என்றால் பெட்டிப் பாலே போதும், காசும் மிச்சம். ஆர்டரை முதல்நாள் மாலைக்குள் வாட்ஸ்அப்பில் போட வேண்டும், அழைத்தால் எடுக்க மாட்டார். தைப்பூச வாரத்தில் பத்துமலைப் பால்குடங்களுக்கே பால் சரியாகிவிடும், வீடுகளுக்குக் கிடைக்காது. பாட்டில் மூடியில் நீலப் பட்டை இருந்தால் மாலைக் கறவை. உறை ஊற்ற அதைக் கேட்டு வாங்குங்கள், காலைப் பாலைவிட ஆடை கனம்.