அச்சா, கிண்டிலா?

நாகர்கோவிலில் உட்கார்ந்து சிறுவர் கதையும் பெரியவர்களுக்கான நாவலும் எழுதி நானே வெளியிடுகிறேன். இரண்டுக்கும் ஒரே வழி சரிப்படாது.

சிறுவர் கதைக்கு அச்சுதான். சக்கை (பலா) மரத்தில் ஏறும் அணிலைப் பிள்ளைகள் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். அமேசானின் மின்னூல் கருவியான கறுப்பு வெள்ளைக் கிண்டிலில் அது வெறும் சாம்பல். ஆனால் வண்ண அச்சுக்குச் செலவு அதிகம். கதையை 16 பக்கப் பாரக் கணக்கில் (ஒரு பெரிய தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்கள்) அடக்க வேண்டும். அப்புறம், விற்காத கட்டுகள் கட்டிலுக்கடியில் தூங்கும்.

நாவலுக்குக் கிண்டில் போதும். பிழையை இரவோடு இரவாகத் திருத்தலாம். இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் அமேசானின் மின்னூல் வெளியீட்டுத் தளமான கேடிபியின் ‘செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது. அச்சுக்கு அந்தத் தடை இல்லை.

மார்த்தாண்டத்து மாமிக்கு மட்டும் நாவலும் தாளில்தான் வேண்டுமாம். சரி என்று ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன்.